பி.பி.வாடியா: தோற்றுப்போன வழக்கும் அதிலிருந்து பிறந்த சட்டமும்

பெரம்பூர் பின்னி மில் என்றதும் இன்றைக்குப் பலருக்கும் ஞாபகம் வருவது சினிமா ஷூட்டிங்தான். பாழடைந்த சுவர், பெரிய கூடம், அதில் ஒரு சண்டைக் காட்சி. ஆனால் 1920-ல் அதே இடத்தில் ஒரு நிஜச் சண்டை நடந்தது. அது மெட்ராஸ் உயர் நீதிமன்றம் வரை போனது.

வழக்குப் போட்டது ஆலையை நடத்திய பின்னி கம்பெனி. முக்கியப் பிரதிவாதி, அந்த ஆலையில் ஒரு நாள்கூட வேலை பார்க்காதவர், பம்பாயில் பிறந்த பார்ஸி. பெயர் பகமன் பெஸ்டன்ஜி வாடியா, சுருக்கமாக பி.பி.வாடியா. தொழிலாளர்களை வேலை ஒப்பந்தத்தை மீறும்படி அவர் தூண்டினார் என்பதுதான் குற்றச்சாட்டு.

அந்தச் சண்டையில் வாடியா ஜெயிக்கவில்லை. சங்கத்தை விட்டே விலக வேண்டியதாயிற்று. ஆனால், இன்று ஒரு சங்கம் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தால், நஷ்ட ஈடு கேட்டு நிர்வாகம் சங்கத் தலைவர்களின் வீட்டை ஜப்தி செய்ய முடியாமல் இருப்பதற்கு, அவர் சந்தித்த அந்தத் தோல்வியும் ஒரு காரணம். எப்படி? கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

யார் இந்த வாடியா?

பிறந்தது 1881 அக்டோபர் 8, பம்பாயில். 'வாடியா' என்ற குடும்பப் பெயரே கப்பல் கட்டும் தொழிலைச் சுட்டுவது. ஆனால் இவருடைய குடும்பத்துக்கு இருந்தது துணி வணிகம். இளம் வயதிலேயே தந்தையை இழந்தார். வணிகத்தில் மனம் ஒட்டவில்லை. புத்தகங்கள், தத்துவம், ஆன்மிகம் என்று போன அவர், பிரம்மஞான சபையில் சேர்ந்து, சில ஆண்டுகளில் சென்னை அடையாறுக்கே வந்துவிட்டார்.

அடையாறில் சபையின் பதிப்பக வேலைகளைப் பார்த்தார். அன்னி பெசன்ட் நடத்திய 'நியூ இந்தியா' நாளிதழிலும் வேலை செய்தார். பெசன்ட் 1916-ல் ஹோம் ரூல் இயக்கத்தைத் தொடங்கியபோது அவருக்கு வலது கை போல இருந்தவர்களில் வாடியாவும் ஒருவர்.

1917 ஜூன் மாதம் மெட்ராஸ் அரசு மூன்று பேரைக் காவலில் வைக்க உத்தரவிட்டது. பெசன்ட், ஜார்ஜ் அருண்டேல், வாடியா. மூவரும் ஊட்டியில் வைக்கப்பட்டார்கள். நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பியது. செப்டம்பரில் விடுதலை. வெளியே வந்தபோது வாடியா ஊரறிந்த அரசியல் தலைவர்.

அதுவரைக்கும் அவருக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதை மாற்றியவர்கள் இரண்டு கடைக்காரர்கள்.

இரண்டு கடைக்காரர்கள் தட்டிய கதவு

அப்போது சென்னையின் மிகப் பெரிய ஆலைகள் பக்கிங்ஹாம் மில், கர்நாடிக் மில். இரண்டும் பின்னி கம்பெனியின் நிர்வாகத்தில் இருந்தன. சுருக்கமாக 'பி அண்ட் சி மில்'. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். இந்த ஆலைகளின் காக்கித் துணி பட்டாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆர்டருக்குக் குறைவே இல்லை.

உள்ளே வேலை பார்த்தவர்களின் நிலை வேறு. 1911-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி, துணி ஆலையில் வயதுவந்த ஆண் ஒருவரை ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். அந்த அரை மணிக்குள் கூட்டத்தோடு வெளியே வந்து, சாப்பிட்டு, கை கழுவி, திரும்ப மெஷின் முன்னால் நிற்க வேண்டும். போர்க்கால விலைவாசி வேறு ஏறிக்கொண்டிருந்தது. மேலதிகாரிகள் கை நீட்டுகிறார்கள் என்ற புகாரும் இருந்தது.

ஆலைப் பகுதியில் சின்னதாக வியாபாரம் செய்துவந்த செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு இருவரும் ஒரு பக்தி சபை நடத்திவந்தார்கள். அங்கே வந்த தொழிலாளர்கள் சாமி கும்பிட்ட கையோடு தங்கள் கஷ்டத்தையும் சொன்னார்கள். கேட்டுக் கேட்டு, இதற்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று இருவருக்கும் தோன்றியது. 'தேசபக்தன்' ஆசிரியராக இருந்த திரு.வி.க. தொழிலாளர் கூட்டத்தில் வந்து பேசினார். ஒரு சங்கம் வேண்டும், அதற்கு ஆங்கிலேய நிர்வாகத்தோடு எதிரே உட்கார்ந்து பேசக்கூடிய தலைவர் வேண்டும் என்று தேடியவர்கள் 'நியூ இந்தியா' அலுவலகத்துக்குப் போய் வாடியாவைப் பார்த்தார்கள்.

1918 ஏப்ரல் 27. மெட்ராஸ் தொழிலாளர் சங்கம் பிறந்தது. தலைவர் வாடியா. துணைத் தலைவர்களில் ஒருவர் திரு.வி.க.

இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். அதற்கு முன்பே, 1890-ல், பம்பாயில் லோகண்டே ஆலைத் தொழிலாளர் அமைப்பு ஒன்றைத் தொடங்கியிருந்தார். ஆனால் அதற்கு உறுப்பினர் பட்டியல், சந்தா, விதிமுறை என்று எதுவும் கிடையாது. மெட்ராஸ் சங்கத்துக்கு இவை எல்லாம் இருந்தன. வித்தியாசம் அங்கேதான்.

வேலைநிறுத்தம் வேண்டாம் என்ற தலைவர்

சங்கத் தலைவர் என்றால் எப்போதும் கொடி பிடித்துக் கேட்டை மறிப்பவர் என்றொரு படம் நம் மனதில் இருக்கும். வாடியா அந்த ரகம் இல்லை.

வாரந்தோறும் கூட்டம் நடக்கும். வாடியா பேசுவார். அந்தப் பேச்சுகளைப் பின்னர் 'லேபர் இன் மெட்ராஸ்' என்ற புத்தகமாகவும் வெளியிட்டார்கள். அவற்றில் அவர் திரும்பத் திரும்ப வலியுறுத்தியது கட்டுப்பாட்டை. 1918-லேயே ஆலை நிர்வாகம் கதவடைப்பு செய்தது. தொழிலாளர்கள் கொதித்தார்கள். போர்முனைக்குத் துணி போகும் நேரத்தில் நம் பக்கத்திலிருந்து உற்பத்தி நிற்கக் கூடாது என்று அவர்களை அடக்கியவர் வாடியாதான்.

இதை அன்றும் விமர்சித்தார்கள், இன்றும் விமர்சிப்பவர்கள் உண்டு. கையில் இருந்த ஒரே ஆயுதத்தை, அதற்கு மதிப்பு கூடியிருந்த நேரத்தில் பயன்படுத்தாமல் விட்டார் என்பது அந்த விமர்சனம். அதில் நியாயமும் இருக்கிறது.

ஆனால் வாடியா கேட்டது என்ன என்று பார்த்தால் அவருடைய கணக்கு புரியும். சாப்பாட்டு நேரத்தைக் கூட்டுவதும் சம்பளத்தை உயர்த்துவதும் கோரிக்கைகள்தான். அதற்கெல்லாம் அடியில் இன்னொரு கோரிக்கை இருந்தது. எதுவானாலும் தொழிலாளியைத் தனித்தனியாகக் கூப்பிட்டு மிரட்டாமல், சங்கத்தோடு உட்கார்ந்து பேசுங்கள். இன்றைய பாஷையில் சொன்னால் அங்கீகாரமும் கூட்டுப் பேரமும்.

நிர்வாகத்துக்குச் சம்பளத்தைவிட இதுதான் கசந்தது. கூலியை அரையணா ஏற்றிக் கொடுத்தால் அது முதலாளியின் பெருந்தன்மை. சங்கத்தோடு பேசி அதே அரையணாவைக் கொடுத்தால் அது தொழிலாளியின் உரிமை ஆகிவிடும். பணம் ஒன்றுதான், உறவு மாறிப்போகும்.

லண்டன், வாஷிங்டன், திரும்பவும் பெரம்பூர்

1919-ல் வாடியா இங்கிலாந்து போனார். இந்திய அரசியல் சீர்திருத்த மசோதாவை ஆராய்ந்த பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கூட்டுக் குழுவின் முன் சாட்சி சொன்னார். பிரிட்டிஷ் தொழிற்சங்கத் தலைவர்களின் அறிமுகமும் கிடைத்தது.

அதே ஆண்டு இறுதியில் வாஷிங்டனில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் மாநாடு கூடியது. இந்தியத் தொழிலாளர்களின் பிரதிநிதி என்.எம்.ஜோஷி. அவருக்கு ஆலோசகராகச் சென்றவர் வாடியா. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று அந்த மாநாடு உலகத்துக்கே விதி வகுத்தது. இந்தியாவுக்கு விதிவிலக்கு, வாரத்துக்கு 60 மணி நேரம். அதுவே இங்கே முன்னேற்றம்தான். 1922-ல் திருத்தப்பட்ட தொழிற்சாலைச் சட்டம் 60 மணி நேர வாரத்தைக் கொண்டுவந்தது.

உலக மேடையில் பேசிவிட்டு ஊர் திரும்பியவருக்குப் பெரம்பூரில் காத்திருந்தது வேறு கதை.

1920 அக்டோபர்: கேஸ் என்ன?

1920 அக்டோபரில் பக்கிங்ஹாம் மில்லில் பணி மூப்பு தொடர்பான ஒரு சச்சரவு வெடித்தது. தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். நிர்வாகம் கதவை இழுத்துப் பூட்டியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன.

அடுத்து நிர்வாகம் எடுத்த ஆயுதத்தைச் சங்கம் எதிர்பார்க்கவில்லை. வாடியா மீதும் சங்க நிர்வாகிகள் மீதும் உயர் நீதிமன்றத்தில் சிவில் வழக்கு. தொழிலாளர்கள் கம்பெனியோடு வேலை ஒப்பந்தம் செய்திருக்கிறார்கள், அதை மீறும்படி இவர்கள் தூண்டினார்கள், அதனால் எங்களுக்கு நஷ்டம், ஈடு கொடுக்க வேண்டும். இதுதான் வாதம். நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளர்களைத் தூண்டக் கூடாது என்று சங்கத் தலைவர்களின் வாயைக் கட்டியது அந்த உத்தரவு.

இந்தச் சட்டக் கொள்கை எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒரு பாடகியிடமிருந்து! 1850-களில் லண்டனில் ஜொஹானா வாக்னர் என்ற ஓபரா பாடகி, லம்லி என்பவரின் அரங்கில் பாட ஒப்பந்தம் போட்டிருந்தார். போட்டி அரங்கை நடத்திய கை என்பவர் அதிகப் பணம் தருவதாகச் சொல்லி அவரை இழுத்தார். லம்லி வழக்குப் போட்டார். ஒருவருடைய ஒப்பந்தத்தை மீறும்படி இன்னொருவரைத் தூண்டினால், தூண்டியவர் மீதும் வழக்குப் போடலாம் என்று 1853-ல் நீதிமன்றம் சொன்னது.

இரண்டு பணக்கார அரங்க முதலாளிகளின் சண்டைக்குச் சொன்ன தீர்ப்பு அது. அதே கொள்கையைத் தொழிற்சங்கத்தின் மீது வைத்துப் பாருங்கள். சங்கம் என்றாலே கூடிப் பேசி, தேவைப்பட்டால் எல்லோரும் சேர்ந்து வேலையை நிறுத்துவோம் என்று சொல்வதுதான். அது தூண்டுதல் என்றால், சங்கம் நடத்துவதே தப்பாகிவிடும்.

இங்கிலாந்திலும் இந்தச் சிக்கல் வந்தது. 1901-ல் டாஃப் வேல் ரயில்வே வழக்கில், வேலைநிறுத்த நஷ்டத்தைத் தொழிற்சங்கமே தர வேண்டும் என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. சங்கம் 23,000 பவுண்டு கட்ட வேண்டியதாயிற்று. தொழிலாளர்கள் கொந்தளித்தார்கள். 1906-ல் நாடாளுமன்றம் புதுச் சட்டம் போட்டு சங்கங்களுக்குப் பாதுகாப்பு கொடுத்தது.

ஆக, 1920-ல் நிலைமை இதுதான். மான்செஸ்டரில் ஒரு சங்கத் தலைவர் வேலைநிறுத்தத்துக்கு அழைத்தால் சட்டம் அவரைக் காப்பாற்றும். அதே சாம்ராஜ்யத்தின் மெட்ராஸில் ஒருவர் அதையே செய்தால் சொத்து போகும். 1906 சட்டம் இந்தியாவுக்குப் பொருந்தாது. அதற்குப் பதிலாக இங்கே இருந்தது, முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டால் தண்டிக்க வழிசெய்த 1859-ம் ஆண்டுச் சட்டம். அது 1925-ல்தான் ரத்தானது.

விலகினால் கதவு திறக்கும்

வாரங்கள் ஓடின. சேமிப்பு என்று எதுவும் இல்லாத குடும்பங்களுக்குப் பல வாரம் சம்பளம் இல்லை. டிசம்பரில் பெரம்பூரில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்ப்பலியும் ஆனது. ஒரு பக்கம் பசி, இன்னொரு பக்கம் நீதிமன்றத் தடை, நஷ்ட ஈட்டு வழக்கு.

1921 ஜனவரியில் அன்னி பெசன்ட் நடுவில் வந்து பேசி ஒரு சமரசம் ஆனது. கம்பெனி வழக்கைத் தொடராது, ஆலை திறக்கும். பதிலுக்கு வாடியா சங்கத்தோடு தன் தொடர்பை அறுத்துக்கொள்ள வேண்டும். வாடியா ஒப்புக்கொண்டார்.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? சரணாகதி என்று சொல்லலாம். தன் ஒருவனால் பத்தாயிரம் வீட்டில் அடுப்பு எரியாமல் இருக்க வேண்டாம் என்று எடுத்த முடிவு என்றும் சொல்லலாம். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஒன்று மட்டும் தெளிவு. அந்தச் சமரசம் சட்டக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. கூடிப் பேசுவது குற்றமா என்ற கேள்வி அப்படியே நின்றது. தலைவரைக் கழற்றிவிட்டால் போதும் என்று எந்த நிர்வாகமும் இதிலிருந்து பாடம் படித்துக்கொள்ளலாம்.

அவர் போன பிறகு நடந்தது இன்னும் கொடுமை. 1921-ல் அதே ஆலைகளில் மறுபடியும் பெரிய வேலைநிறுத்தம், மாதக்கணக்கில் நீடித்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலானோர் வேலைக்குத் திரும்பினார்கள். அன்றாடக் கூலி இல்லாமல் தாக்குப்பிடிக்க முடியாத ஏழ்மை, மற்றவர்கள் நம்மைச் சமமாக நடத்துவார்களா என்ற நியாயமான சந்தேகம், இரண்டும் அதற்குப் பின்னால் இருந்தன. வேலைநிறுத்தம் சாதிச் சண்டையாக மாறியது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, உயிர்கள் போயின. கடைசியில் வேலைநிறுத்தம் தோற்றது.

கூட்டுப் பேரத்துக்கு முதலில் 'கூட்டு' வேண்டும். சாதி அதை உடைத்துவிடும் என்பதற்குச் சென்னை பார்த்த ரத்த சாட்சி அது. வாடியாவும் அவருடன் இருந்தவர்களும் மூன்று ஆண்டுகளில் கட்டிய சங்கம் அந்த விரிசலைச் சரிசெய்திருக்கவில்லை. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை நேர்மையாக இருக்கும்.

தோல்வியிலிருந்து ஒரு சட்டப்பிரிவு

மெட்ராஸ் வழக்கு நாடு முழுக்க அதிர்ச்சியை ஏற்படுத்தியிருந்தது. 1920 அக்டோபர் 31-ல்தான் பம்பாயில் ஏ.ஐ.டி.யு.சி. தொடங்கப்பட்டிருந்தது. இன்றைக்கு வாடியா, நாளைக்கு நாம் என்று எல்லாச் சங்கத் தலைவர்களுக்கும் புரிந்தது.

1921 மார்ச் மாதம், வாஷிங்டனுக்கு வாடியாவோடு போன அதே என்.எம்.ஜோஷி, மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். தொழிற்சங்கங்களைப் பதிவு செய்யவும் பாதுகாக்கவும் சட்டம் வேண்டும் என்று கேட்டார். தீர்மானம் நிறைவேறியது. ஆனால் சட்டம் வர ஐந்து ஆண்டுகள் ஆயின. தொழிற்சங்கச் சட்டம் 1926-ல் நிறைவேறி, 1927 ஜூன் 1-ல் அமலுக்கு வந்தது.

அந்தச் சட்டத்தில் மூன்று இடங்களைப் பார்த்தால் வாடியாவின் நிழல் தெரியும்:

• பிரிவு 17: சங்கத்தின் நியாயமான நோக்கங்களுக்காக உறுப்பினர்கள் கூடி ஒப்பந்தம் செய்துகொள்வதைக் குற்றச் சதி என்று தண்டிக்க முடியாது. குற்றம் செய்யவே கூடிப் பேசினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

• பிரிவு 18: தொழில் தகராறின்போது ஒருவரை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்ற காரணத்துக்காக மட்டும், பதிவு பெற்ற சங்கத்தின் மீதோ அதன் நிர்வாகிகள், உறுப்பினர்கள் மீதோ சிவில் வழக்குப் போட முடியாது. பின்னி கம்பெனி வாடியா மீது போட்டது அச்சு அசலாக இதே வழக்குதான்!

• பிரிவு 22: சங்க நிர்வாகிகளில் பாதிப் பேராவது அந்தத் தொழிலில் இருப்பவர்களாக இருக்க வேண்டும். அதாவது மீதிப் பேர் வெளியாட்களாக இருக்கலாம். வெளியாள் தலைவராக இருப்பது சட்டப்படி சரி என்றாயிற்று. பின்னாளில் இந்த அளவு மூன்றில் ஒரு பங்கு அல்லது 5 பேர், இதில் எது குறைவோ அது என்று சுருக்கப்பட்டது.

இந்தப் பாதுகாப்பு ஏட்டோடு நிற்கவில்லை. ரோத்தாஸ் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில், வேலைநிறுத்தத்தால் ஏற்பட்ட நஷ்டத்தைத் தொழிலாளர்களிடமிருந்து வசூலிக்க நிர்வாகம் முயன்றது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 1975-ல் வழங்கப்பட்ட அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர். சட்டவிரோத வேலைநிறுத்தத்துக்குச் சட்டத்திலேயே தண்டனை இருக்கிறது, அதைத் தாண்டி நஷ்ட ஈடு கேட்க முடியாது என்பது அதன் சாரம்.

அதற்காக எல்லாமே அனுமதி என்று அர்த்தமில்லை. அடிதடி, மிரட்டல், சொத்தைச் சேதப்படுத்துவது இவற்றுக்கெல்லாம் பிரிவு 18 கவசம் ஆகாது.

சரி, பேசியே ஆக வேண்டுமா?

வாடியா கேட்டது இரண்டு. கூடிப் பேச எங்களை விடுங்கள் என்பது ஒன்று. எங்களோடு நீங்கள் பேசுங்கள் என்பது இன்னொன்று. 1926 சட்டம் முதலாவதைத்தான் கொடுத்தது. சங்கத்தைப் பதிவு செய்யலாம், ஆனால் நிர்வாகம் அதை அங்கீகரித்துப் பேசியே ஆக வேண்டும் என்று எங்கேயும் சொல்லவில்லை.

அமெரிக்கா 1935-லேயே, தொழிலாளர் பிரதிநிதிகளோடு பேரம் பேச மறுப்பது சட்டவிரோதம் என்று சட்டம் போட்டுவிட்டது. இந்தியாவில் 1947-ல் அதற்கு ஒரு முயற்சி நடந்தது. அங்கீகாரத்தைக் கட்டாயமாக்கும் திருத்தம் நிறைவேறவும் செய்தது. ஆனால் அது கடைசிவரை அமலுக்கே வரவில்லை!

1961-ல் அகில இந்திய வங்கி ஊழியர் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு கிழித்தது. சங்கம் அமைப்பது அரசியல் சாசனம் தரும் அடிப்படை உரிமை. ஆனால் அந்தச் சங்கம் பலன் தரும்படி பேரம் பேசுவதோ, வேலைநிறுத்தம் செய்வதோ அந்த அடிப்படை உரிமைக்குள் வராது. அவை சாதாரணச் சட்டம் கொடுத்தால் உண்டு.

மகாராஷ்டிரம் 1971-ல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. நாடு முழுவதற்குமான மாற்றம் வந்தது தொழில் தகராறு சட்டத்தின் 1982-ம் ஆண்டுத் திருத்தத்தில். அது 1984 ஆகஸ்ட் 21-ல் அமலுக்கு வந்தது. அங்கீகாரம் பெற்ற சங்கத்தோடு நல்லெண்ணத்துடன் கூட்டுப் பேரம் பேச மறுப்பது 'நியாயமற்ற தொழில் நடைமுறை' என்று பட்டியலில் சேர்ந்தது. மீறினால் 6 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று அந்தச் சட்டத்தில் இருந்தது. சங்கத்துக்கும் இதே விதி உண்டு. நிர்வாகத்தோடு நல்லெண்ணத்துடன் பேச மறுத்தால் சங்கமும் தப்பு செய்ததாகும். மெட்ராஸ் சங்கம் பிறந்து அப்போது 66 ஆண்டுகள் ஆகியிருந்தன.

'நல்லெண்ணத்துடன்' என்றால் என்ன? கேட்டதையெல்லாம் கொடுத்துவிட வேண்டும் என்று அர்த்தமில்லை. பெண் பார்க்கப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று வீட்டிலேயே முடிவு பண்ணிவிட்டு, வந்து உட்கார்ந்து பஜ்ஜி, சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, போய் லெட்டர் போடுகிறோம் என்று எழுந்து போனால் அது பேச்சுவார்த்தையா? வந்து உட்காருவது, காது கொடுத்துக் கேட்பது, முடியாது என்றால் ஏன் என்று காரணம் சொல்வது, மாற்று யோசனையைப் பரிசீலிப்பது. நல்லெண்ணம் என்பது இவ்வளவுதான்.

அப்படிப் பேசி ஓர் ஒப்பந்தம் வந்துவிட்டால் நீதிமன்றங்களும் அதை மதிக்கின்றன. ஹெர்பர்ட்ஸன்ஸ் வழக்கில் 1970-களில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி காட்டியது. பேரத்தில் ஒன்றை விட்டு ஒன்றைப் பெற்றிருப்பார்கள். அதனால் ஒப்பந்தத்தை மொத்தமாகத்தான் பார்க்க வேண்டும், பிடிக்காத ஒரு வரியை மட்டும் உருவி எடுத்து நியாயமா என்று கேட்கக் கூடாது.

இன்றைக்கு என்ன நிலை?

1984 திருத்தத்திலும் ஓர் ஓட்டை இருந்தது. 'அங்கீகாரம் பெற்ற' சங்கத்தோடுதான் பேச வேண்டும். அங்கீகாரமே கொடுக்காவிட்டால்? பல மாநிலங்களில் அதற்குத் தெளிவான சட்ட வழி இருக்கவில்லை.

2020-ல் நிறைவேறி, 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு இதற்கு ஒரு விடை சொல்கிறது. நிறுவனத்தில் ஒரே ஒரு சங்கம் இருந்தால் விதிகளுக்கு உட்பட்டு அதுவே பேச்சுவார்த்தைச் சங்கம். பல சங்கங்கள் இருந்தால் 51% தொழிலாளர் ஆதரவு உள்ள சங்கம். யாருக்கும் அவ்வளவு ஆதரவு இல்லையென்றால், குறைந்தது 20% ஆதரவுள்ள சங்கங்கள் சேர்ந்த பேச்சுவார்த்தைக் குழு. அதேநேரம், எல்லாத் தொழில் நிறுவனங்களிலும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு கட்டாயம் என்றும் அதே தொகுப்பு சொல்கிறது. ஒரு கையில் கொடுத்துவிட்டு மறு கையில் எடுக்கிறார்கள் என்று தொழிற்சங்கங்கள் சொல்வது இதனால்தான்.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2024 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூர் அருகே சாம்சங் தொழிற்சாலையில் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் நடந்தது. சம்பளம் ஒரு பிரச்சினை. ஆனால் இழுபறிக்கு மையமாக இருந்தது சங்கத்தின் பதிவும் அங்கீகாரமும்தான். விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. பெரம்பூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை, நூறு வருடம் கழித்தும் அதே கேள்விதான்: எங்கள் சங்கத்தோடு பேசுவீர்களா, மாட்டீர்களா?

பிறகு வாடியா என்ன ஆனார்?

தொழிற்சங்க மேடைக்கு அவர் திரும்பவே இல்லை. 1922-ல் அடையாறு சபையையும் விட்டு விலகி, அமெரிக்கா போய், ஐக்கிய பிரம்மஞான அமைப்பில் சேர்ந்து பல ஆண்டுகள் பணியாற்றினார். 1920-களின் இறுதியில் மனைவி சோஃபியாவோடு இந்தியா திரும்பினார். 1930-ல் பம்பாயில் 'ஆரியன் பாத்' இதழைத் தொடங்கினார். 1945-ல் பெங்களூரு பசவனகுடியில் இருவரும் ஒரு பண்பாட்டு நிறுவனத்தை நிறுவினார்கள். இன்றைய 'இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் வேர்ல்டு கல்ச்சர்' அதுதான். அது இருக்கும் சாலைக்கே பி.பி.வாடியா சாலை என்று பெயர். 1958 ஆகஸ்ட் 20-ல் பெங்களூருவில் காலமானார்.

பெங்களூருவில் வேலை பார்க்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் பலர் அந்தச் சாலை வழியாகப் போய் வந்திருப்பார்கள். புத்தகங்களோடும் ஆன்மிகத்தோடும் சேர்த்து நினைக்கப்படும் பெயராகத்தான் அங்கே அவர் இருக்கிறார். பெரம்பூரில் அவர் தலைவராக இருந்தது மூன்று வருடம்கூட முழுதாக இல்லை. ஆனால் அந்தக் கொஞ்ச காலத்தில் அவர் மீது விழுந்த வழக்குதான், இந்தியத் தொழிலாளிக்கு எந்தக் கவசம் முதலில் வேண்டும் என்பதை நாட்டுக்குக் காட்டியது.

அடுத்த முறை உங்கள் ஆபீசில் ஐந்து பேர் சேர்ந்து இதைப் பற்றி மேனேஜ்மென்ட்கிட்ட பேசலாமா என்று யோசிக்கும்போது ஒன்றை ஞாபகம் வையுங்கள். சேர்ந்து பேசலாமா என்ற கேள்விக்கு 1926-லேயே சட்டம் பதில் சொல்லிவிட்டது. எதிரில் இருப்பவர் உண்மையாகவே காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பதற்கான சட்டம்தான் இன்னும் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கிறது.